குண்டுப் பூனையை மெல்ல இளைக்க வைக்க: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊர் வீட்டுப் பூனைக்கு ஒரு நாளில் எத்தனை கைகளிலிருந்து சாப்பாடு போகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். காலையில் மீன் வண்டி ஹாரன் கேட்டதும் வாசலுக்கு ஓடி, சில்லறை மீன் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளும். புறவாசலில் மீன் வெட்டும்போது தலையும் குடலும். கிண்ணத்தில் எப்போதும் நிரம்பிக் கிடக்கும் பாக்கெட் தீனி. மதியம் பாட்டி பிசைந்து வைக்கும் மீன்குழம்புச் சோறு. பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஊற்றும் பால். ராத்திரி பக்கத்து வீட்டில் இன்னொரு பங்கு. ஒவ்வொருவரும் கொடுப்பது கொஞ்சம்தான். பூனைக்குக் கிடைப்பது மொத்தமும். ஆகவே எடை குறைக்கும் வேலை பூனையிடம் தொடங்குவதில்லை, இந்தக் கைகளைக் கணக்கில் கொண்டுவருவதில் தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்லை: குண்டுப் பூனையை ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். மனிதனும் நாயும் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூனையின் உடம்பு அப்படியல்ல. சாப்பாடு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அவ்வளவையும் செரித்து அனுப்பப் பூனையின் கல்லீரலுக்குத் திறன் கிடையாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, கல்லீரல் வேலைசெய்யாமல் போகிறது. இரண்டு மூன்று நாள் பட்டினியே இதற்குப் போதும். பூனை எவ்வளவு குண்டோ அவ்வளவு ஆபத்து. காதின் உட்புறம், ஈறு, கண்ணின் வெள்ளை ஆகியவை மஞ்சளாவது, வாயில் எச்சில் ஒழுகுவது, வாந்தி, சுருண்டு படுத்துவிடுவது ஆகியவை அடையாளம். 'பசித்தால் தானே தின்னும்' என்று புதுத் தீனியை வைத்துப் பிடிவாதம் பிடிப்பவர்கள் வீட்டில்தான் இது நடக்கிறது. ஒரு முழு நாள் வாய் வைக்கவில்லை என்றால் பழைய சாப்பாட்டையே திரும்பக் கொடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உண்மையிலேயே குண்டுதானா?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெர்சியன் பூனையின் ரோமம் ஏமாற்றும். நாட்டுப் பூனைக்கும் அடிவயிற்றில் நடக்கும்போது ஆடும் ஒரு தோல் தொங்கல் உண்டு. அது இயல்பானது, இளைத்த பூனைக்கும் இருக்கும்.

கையால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்க விலாவிலும் விரல்களைத் தட்டையாக வைத்து, அழுத்தாமல் நகர்த்துங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். அழுத்தியும் கிடைக்கவில்லை, மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்காமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது, வால் மூட்டில் கொழுப்புத் திட்டு இருக்கிறது என்றால் மிகக் கூடுதல். மருத்துவர்கள் இதை 9 புள்ளி அளவுகோலில் சொல்வார்கள். 5 சரியான நிலை. அதற்கு மேலே போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் எடை கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அது கொழுப்பு அல்ல. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், புழு இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் குட்டி இருக்கலாம். சினைப் பூனை, பால் கொடுக்கும் தாய், ஒரு வயது ஆகாத குட்டி ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள்.

தொடங்குமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது செலவல்ல. இரத்தச் சர்க்கரை, சிறுநீரகம், மூட்டு வலி மூன்றையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு வருகிற பூனை என்றால் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து பசியைக் கிளப்பும், சர்க்கரை நோய்க்கும் இட்டுச் செல்லும். கருத்தடை செய்த பிறகு பூனைக்குப் பசி கூடும், தேவைப்படும் சாப்பாடோ குறையும். அதனால் அறுவை முடிந்த வாரமே அளவைக் குறைத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் எடை ஏறத் தொடங்குகிறது. இதைக் காரணம் காட்டிக் கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தராசு

10 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று இருந்தால் பூனைக்கும் தீனிக்கும் அதுவே போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கூடைக்குள் ஒரு துண்டுத் தீனி போட்டால் பூனை தானே ஏறி உட்காரும். அகலமான கூடை திரையை மறைத்துவிடும். நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கூடையை வைத்தால் எண் தெரியும். தராசு சரிதானா என்று அவ்வப்போது ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். ஆள் ஏறி நிற்கும் எடை எந்திரத்தில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிப்பது முதல் நாள் கணக்குக்குச் சரி. வாரா வாரம் பார்க்க வேண்டிய மாற்றம் 50 கிராம் அளவில் இருக்கும், அது அந்த எந்திரத்தில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தனி நோட்டு வைத்தால் மூன்றாவது வாரம் காணாமல் போகும்.

முதல் வாரம்: எதையும் குறைக்காதீர்கள், எழுதுங்கள்

ஏழு நாளும் பூனை வாயில் போகும் அத்தனையும் எழுதப்பட வேண்டும். பக்கத்து வீடு உட்பட. இந்த வாரம் முடியும்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்தான் வரும். ஏன் என்பதற்குச் சில எண்கள்: வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. பசும்பால் 100 மில்லியில் சுமார் 65. ஒரு அவித்த கோழிமுட்டை சுமார் 75. தோலில்லாத அவித்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 165. தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் 40. கொழுப்பு ஏறிய சாளை (மத்தி) 100 கிராமில் 200 வரைக்கும் போகும். இப்போது, இளைக்க வேண்டிய ஒரு நடுத்தரப் பூனைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது 170 கலோரி என்று வையுங்கள். ஒரு பிடிச் சோறும் அரை டம்ளர் பாலும் அதில் முக்கால் பங்கைத் தின்றுவிடும், பூனைக்கு வேண்டிய புரதம் அதில் சொற்பமே இருக்கும்.

அளவு கணக்கிடுவது

எடுத்துக்காட்டாக, 6 கிலோ எடையுள்ள கருத்தடை செய்த ஆண் பூனை. தடவிப் பார்த்ததில் 8 புள்ளி. அதாவது 30 சதவீதம் கூடுதல். 6-ஐ 1.3-ஆல் வகுத்தால் 4.6. இலக்கை 4.5 கிலோ என்று வைக்கலாம்.

ஓய்வில் இருக்கும் உடம்புக்குத் தேவையான சக்தியைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு: கிலோ எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். இளைப்பதற்கு அதில் 80 சதவீதம். இலக்கு எடையை வைத்துத்தான் கணக்கு, இப்போதைய எடையை வைத்து அல்ல. கணக்கைப் போட்டே தருகிறோம்: இலக்கு 3.5 கிலோ என்றால் நாளுக்கு சுமார் 143 கலோரி, 4 கிலோ என்றால் 158, 4.5 என்றால் 173, 5 என்றால் 187. (பாக்கெட்டில் 'கிலோ கலோரி' என்று அச்சாகியிருப்பதும் நாம் பேச்சில் கலோரி என்பதும் ஒன்றே.) இது தொடக்கப் புள்ளி. பழைய அளவிலிருந்து இந்த அளவுக்கு ஒரே நாளில் இறக்காமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக வாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், நம் கடைகளில் கிடைக்கும் தீனிப் பாக்கெட்டுகள் பலவற்றில் கலோரி அச்சடிக்கப்பட்டிருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவற்றின் சதவீதம் மட்டும் இருக்கும். அதிலிருந்து நாமே கண்டுபிடிக்கலாம். புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரப்பதம் 10 என்று போட்டிருக்கிறது என்று வைப்போம். சாம்பல் சத்து (தாது உப்புகள்) போடவில்லை என்றால் 8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 66. நூறிலிருந்து கழித்தால் மீதி 34, அது மாவுச்சத்து. புரதத்தை 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 112, 102, 119. மொத்தம் 333. அந்தத் தீனி 100 கிராமில் சுமார் 333 கலோரி.

ஆக நம் பூனைக்கு 170 கலோரி என்றால் நாளுக்கு 51 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அதனால்தான் தராசு. டம்ளரால் அளந்தால் நாளுக்கு 10 கிராம் தவறு எளிதில் வரும், அது ஐந்தில் ஒரு பங்கு.

வீட்டார் கொடுக்க ஆசைப்படும் தின்பண்டத்துக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடமில்லை. அப்படியானால் தீனி 46 கிராம், அத்துடன் அவித்த கோழி 10 கிராம். அந்தப் பத்து கிராமைப் பாட்டி கையால் கொடுக்கட்டும். பாட்டியைப் பூனையிடமிருந்து விலக்கினால் திட்டம் இரண்டு நாளில் கவிழும். அவர் கையில் நாங்கள் ஒரு சின்ன டப்பாவைத் தரச் சொல்கிறோம்: காலையிலேயே அன்றைய பங்கை நிறுத்து அதில் போட்டுவிடுங்கள், டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது.

பூனைக்கு நீர்ப்பதமான உணவு வயிற்றை நிரப்பும், கலோரி குறைவு. கட்டுப்படியானால் ஒரு வேளை பவுச் உணவு, மற்ற வேளை பாக்கெட் தீனி என்று பிரிக்கலாம். பவுச்சுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். பவுச்சில் சாம்பலை 2 என்று எடுத்தால் போதும். வாங்கும்போது 'முழுமையான உணவு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கறித்துண்டும் குழம்பும் மட்டுமான சில பவுச்சுகள் தின்பண்டமே தவிரச் சாப்பாடு அல்ல. மிகவும் குண்டான பூனைக்கு, சாதாரணத் தீனியையே பாதியாக்கினால் சத்தும் பாதியாகிவிடும் என்பதால், புரதமும் நாரும் கூட்டிக் கலோரி குறைத்த மருத்துவத் தீனியை மருத்துவர் எழுதித் தரலாம்.

மீன் விஷயம்

'மீன்தான் பூனைச் சாப்பாடு' என்று வளர்ந்த ஊர் நம்முடையது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் பூனை மீனைத் தின்றுதான் வாழ்கிறது, உண்மை. அந்தப் பூனை நாள் முழுவதும் அலைகிறது, எலியும் ஓணானும் பிடிக்கிறது. சோபாவில் படுத்திருக்கும் பூனைக்கு அதே சாப்பாடு பொருந்தாது.

பச்சைச் சாளையிலும் நெத்தோலியிலும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகவே தின்றால் தலை தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். ஆனால் சாளை, சூரை போன்ற எண்ணெய் மீன்களை வெந்ததாகவே ஆனாலும் முழுநேரச் சாப்பாடாக்கினால், வைட்டமின் ஈ பற்றாமல் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அழன்று, தொட்டாலே பூனை கத்தும். கருவாட்டில் உப்பு. குழம்பில் உள்ளியும் (வெங்காயம்) பூண்டும். உள்ளியும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன அளவு என்றாலும் பழக்கமாகக் கொடுக்கக் கூடாது. குழம்புச் சோற்றை நிறுத்துவதற்கு எடையைவிட இதுவே பெரிய காரணம்.

ஆகவே மீன் வேண்டுமென்றால் கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன், உப்பும் மிளகாயும் தேங்காயும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, வாரம் இரண்டு நாள், அன்றைய கோழித் துண்டுக்குப் பதிலாக. மீன் வெட்டும் நேரத்தில் பூனையை உள்ளே ஒரு அறையில் விட்டு, அந்த வேளைச் சாப்பாட்டை அங்கேயே வையுங்கள். தலையும் குடலும் மூடி போட்ட வாளிக்குள் போகட்டும், அல்லது பூனை தோண்டாத ஆழத்தில் தென்னை மூட்டில் புதையுங்கள்.

விசைப்படகுத் தடைக்காலத்தையும் கவனத்தில் வையுங்கள். மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் விலை ஏறியதும் பல வீடுகளில் பூனைக்குத் திடீரென்று வெறும் சோறு வைப்பார்கள். மீனுக்கே பழகிய குண்டுப் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பட்டினி அப்படித் தொடங்கும். மார்ச் மாதமே பாக்கெட் தீனிக்கு மாற்றத் தொடங்குங்கள்: முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாளில் முழுவதும். முரண்டு பிடித்தால் உப்பில்லாமல் மீன் அவித்த தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பாகத் தீனிமேல் ஊற்றுங்கள். மணத்துக்குத்தான் பூனை வாய் வைக்கும்.

நேரம், கிண்ணம், எறும்பு

எப்போதும் நிரம்பியிருக்கும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அன்றைய அளவைக் காலையில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு, நான்கு வேளையாகப் பிரியுங்கள்: காலை, முற்பகல், மாலை, படுக்கப்போகும் முன். கடைசி வேளை முக்கியம். அது இல்லாவிட்டால் விடியற்காலை நாலு மணிக்குப் பூனை உங்களை எழுப்பும். எழுப்பியதும் எழுந்துபோய்த் தீனி போட்டால், கத்தினால் கிடைக்கும் என்று ஒரே நாளில் படித்துக்கொள்ளும். எழுந்து அரைமணி நேரம் கழித்துப் போடுங்கள். வேளை முடிந்து அரைமணியில் மிச்சத்தை எடுத்துவிட்டால் நம் ஊர் எறும்பும் வராது. அதற்குமேல் வைக்க நேர்ந்தால் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள்.

இரண்டு பூனை இருந்தால் ஒரே கிண்ணம் கூடாது. குண்டுப் பூனை தன் பங்கை விழுங்கிவிட்டு மற்றதன் பங்குக்குப் போகும். இளைத்ததை உயரமான அலமாரிமேல் வைத்து ஊட்டலாம். அல்லது ஒரு அட்டைப் பெட்டியில் ஒல்லிப் பூனை மட்டும் நுழையும் அளவுக்குத் துளை வெட்டி, அதன் கிண்ணத்தை உள்ளே வைக்கலாம்.

பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "அக்கா, பூனைக்கு டாக்டர் தனிச் சாப்பாடு சொல்லியிருக்காரு, வேற எதுவும் போட்டுராதீங்க" என்றால் எல்லோருக்கும் புரியும். வெளியே சுற்றும் பூனை என்றால் கழுத்துப் பட்டையில் ஒரு சீட்டும் கட்டலாம். பட்டை இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மதிலிலோ கிளையிலோ மாட்டிக் கழுத்து இறுகும்.

ஓட வைப்பது

எடை இறங்குவது பெரும்பாலும் சாப்பாட்டால்தான். ஓட்டம் தசை கரையாமல் காக்கும், சும்மா கிடந்து தீனி கேட்பதையும் குறைக்கும். ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று முறை போதும். மூன்று சிரட்டையைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் இரண்டு துண்டுத் தீனியை வையுங்கள், தட்டித் தேடும். மாடி இருந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டுத் தீனி. பிளாஸ்டிக் பாட்டிலில் தீனி விழும் அளவுக்கு நாலைந்து துளை போட்டு உருட்ட விடலாம். இவையெல்லாம் அன்றைய 46 கிராமிலிருந்தே. குச்சி நுனியில் துணி கட்டி ஆட்டினால் விளையாட்டு முடிந்ததும் எடுத்து உள்ளே வையுங்கள். நூலை விழுங்கினால் குடல் சுருண்டு அறுவை வரைக்கும் போகும். கோடையில் காலையும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும். இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டம் என்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை பூனை வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாட்கள் அதிகம், அப்போது விளையாட்டை விட்டுவிடாதீர்கள்.

எடை இறங்காதபோது, வேகமாக இறங்கும்போது

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். 6 கிலோ பூனைக்கு 30 முதல் 60 கிராம். ஒருமுறை மூத்திரம் போனாலே தராசில் மாற்றம் தெரியும் என்பதால் ஒரு வார எண்ணை நம்பாதீர்கள், நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ இறங்க எட்டு முதல் பத்து மாதம் ஆகும்.

மூன்று வாரமாக எண் அசையவில்லை என்றால் அளவைக் குறைக்கும் முன் களவைத் தேடுங்கள். பத்தில் எட்டு வீட்டில் யாரோ ஒருவர் போட்டுக்கொண்டிருப்பார் என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு 10 சதவீதம் குறைக்கலாம். அதற்கும் கீழே மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். வாரம் 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் 10 சதவீதம் கூட்டுங்கள். நன்றாகத் தின்றும் இளைக்கிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்றால் அது நோய்.

கடுவன் (ஆண்) பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரமும் வரவில்லை என்றால் அடைப்பு. குண்டாகி அசையாமல் கிடக்கும் கடுவன்களுக்கு இது அதிகம் வரும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

இலக்கு எடை வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாதீர்கள், திரும்பினால் எடையும் திரும்பும். நாளுக்கு 5 கிராம் தீனி கூட்டி இரண்டு வாரம் நிறுத்துப் பாருங்கள். இன்னும் இறங்கினால் மேலும் 5 கிராம். எடை நிலைக்கும் அந்த அளவைத் தீனி டப்பாவின் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதன்பின் ஞாயிறுதோறும் வேண்டாம், மாதம் ஒருமுறை கூடையில் ஏற்றினால் போதும். 200 கிராம் கூடியிருந்தால் அன்றே மறுபடியும் எழுதத் தொடங்கிவிடுங்கள்.